பச்சை ஜீப்பை வாங்காதீங்க

பழைய வண்டி விற்கிற தொழிலில், வண்டியைவிட வாங்க வருகிறவர்களின் கனவுக்குத்தான் ரிப்பேர் வேலை அதிகம். கடையில் நின்று எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவள் நான். வயசு பத்தொன்பது. லைசென்ஸ் இருக்கிறது, பொறுமை இல்லை. ஆவடி பக்கம் பாபு அண்ணன் நடத்தும் கடையில் வண்டிகளைக் காட்டுவதும் ஓட்டிக் காட்டுவதும் என் வேலை. வாசலில் ஒரு பழைய பச்சை ஜீப். மேலே கித்தான், ஏசி கிடையாது, ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வேண்டும். ரோட்டில் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "ஜீப் எதுக்கு?"

மாமியார் ஏறிய கதை

மாங்காட்டிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, கூடவே புருஷனின் அம்மா. குடும்பத்தோடு மலை மலையாகச் சுற்றப் போகிறார்களாம். "முதல்ல அம்மா ஏறட்டும்" என்றேன். ஒரு கால் ஏறியது. இன்னொரு கால் ஏறவும் இல்லை, ஏறிய கால் இறங்கவும் இல்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்கி இறக்கினோம்.

"எதிர்க்கடையில ஏழு சீட் வேன் ஒண்ணு நிக்குது. கதவைத் தள்ளினா நடந்தே உள்ளே போகலாம்" என்று காட்டினேன். மகன் முகம் தொங்கிப்போனது. அந்தம்மா மட்டும் என் காதோரம் வந்து சொன்னார்: "ஜீப்பையே வாங்கட்டும்மா. அதுங்க ரெண்டும் மலைக்குப் போவும், நான் ஊட்டுல நிம்மதியா டிவி பாப்பேன்."

கறுப்புக் கண்ணாடி

அம்பத்தூர்ப் பையன் ஒருவன் கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். போனில் படம் பிடிக்க ஒரு நண்பனும் கூட வந்தான். ஓட்டிப் பார்க்கட்டும் என்று சாவியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் யூ டர்னிலேயே கண்ணாடி வேர்வையில் வழுக்கி மூக்குக்கு வந்துவிட்டது.

"உங்களுக்கு வேணுங்கிறது போட்டோ. ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கோங்க. ஆபீஸ் போக ஸ்கூட்டர் போதும்" என்றேன். இறங்கும்போது கேட்டான்: "இன்னாம்மா, நீ வண்டி விக்கிறியா, இல்ல எனக்கு அம்மாவா?"

அண்ணன் வைத்த கெடு

இரண்டும் பாபு அண்ணன் காதுக்குப் போயின. அந்த ஜீப் காலையில் நாலைந்து இழுப்பு இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது. இனிமேல் கஸ்டமர் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைக்க வேண்டுமாம், அப்போது ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ளும். தொழிலில் பாதிப் பேர் செய்வதுதான். "அது ஏமாத்து வேலை" என்றேன்.

வேலை போனால் எனக்குச் சித்தியின் ஜெராக்ஸ் கடை காத்திருக்கிறது. நாள் முழுக்க ஆதார் கார்டை முன்பக்கம் பின்பக்கம் எடுக்கணும். எனக்கு வண்டி ஓட்டணும். அது தெரிந்தேதான் அண்ணன் சொன்னார்: "ஆயுத பூஜைக்கு இந்த ஜீப்புக்கு இங்க பொட்டு வெக்கக் கூடாது. வெச்சா, அது இருக்கும், நீ இருக்க மாட்டே."

புல்லுக்கட்டு

வாயை மூடிக்கொள்வது என்று முடிவு பண்ணினேன். அந்த முடிவு ஒரு கஸ்டமர் வரைக்கும்தான் தாங்கியது. செம்பரம்பாக்கத்திலிருந்து வந்தவர், மாடு வைத்திருக்கிறார். ஜீப்பில் புல் ஏற்றப் போகிறாராம். "ரெண்டு கட்டு ஏத்தினா நீங்க நடந்துதான் வரணும். குட்டியானை லோடு வண்டி வாங்குங்க" என்று வந்துவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "உனக்கு இந்தக் கடையில வேலையா, இல்ல இந்தக் கடை மேல கோவமா?"

பானட்டில் ஒரு கை

பூஜைக்கு முந்தின நாள் அண்ணன் போன் பண்ணினார். பத்து மணிக்கு ஆள் வருகிறது, ஜீப்பை ஓடவிட்டு வை என்றார். சாவியைப் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், திருப்பக்கூடப் பார்த்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

வந்தவர் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர், அங்கேயே ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆகப் போகிறவர், சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். வந்ததும் பானட்டில் கையை வைத்தார். பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நாலு இழுப்பு இருமியது. ஐந்தாவதில் கரும்புகையோடு பிடித்தது. "மழை வந்தா உள்ளேயும் வரும் சார். உங்களுக்கு இதைவிட..." என்று ஆரம்பித்தேன்.

"வேற வண்டி எதுவும் சொல்லாத, ஆத்தா. முப்பது வருஷமா இன்ஜினைப் பிரிச்சுப் பூட்டின கை. இனிமே வீட்டுல பிரிக்கிறதுக்கு மிக்ஸிதான் இருக்கு."

இவருக்கு ரிப்பேர் ஆகிற வண்டிதான் வேணும். அதற்குள் அண்ணன் ஓடி வந்தார்: "காலையிலேயே ஓடவிடச் சொன்னேன் சார், இந்தப் பொண்ணு..." வந்தவர் முடிக்கவிடவில்லை: "பானட் சூடா இருந்திருந்தா அப்பவே திரும்பியிருப்பேன். சில்லுன்னு இருந்துச்சு, அதான் நிக்கிறேன்."

ஜீப் அவரோடு போய்விட்டது, நான் இருக்கிறேன்; வண்டி வேண்டும் என்பவர்கள் தாராளமாக வரலாம், வேண்டாம் என்று சொல்ல இங்கே ஆள் இருக்கிறது.