குரோமோசோம் லேபில் நான் பார்க்காத இழை

திருப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் குரோமோசோம் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். ரத்தத்தைக் கல்ச்சர் போட்டு, அதாவது ஊட்டத் திரவத்தில் வளரவிட்டு, செல்கள் இரண்டாகப் பிரியும் நேரம் பார்த்து கோல்ச்சிசின் மருந்தை விடுவோம். குரோமோசோம்களைப் பிடித்து இழுக்கும் இழைகளை அது கலைத்துவிடும். செல் அப்படியே நின்றுவிடும், நிதானமாக எண்ணிக்கொள்ளலாம்.

2000-களின் பிற்பகுதியில் பொங்கலூர்ப் பக்கமிருந்து செல்வி வந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைப்பவர். மடியில் பெண் குழந்தை. களையான முகம், தலை மட்டும் வயதுக்கு மிகச் சிறியது. நாற்பத்தாறு குரோமோசோமும் சரியாக இருந்தன. ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் கொடுத்தேன்.

மறுநாளே மாமியாருடன் திரும்பி வந்தார். மாமியார் அவருக்குச் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை.

“ஏனுங்க, ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லீன்னா, மாசமா இருக்கறப்ப இவ நைட் ஷிப்ட் போனதுதானுங்க காரணம்? சொன்னா கேட்டாளா?” என்றார் மாமியார்.

செல்வி என்னைப் பார்த்தார். “அப்படித்தானுங்களா சார்?”

இருவரையும் எங்கள் லேபின் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் குழந்தை, பெற்றோர் மூவரின் ரத்தத்தையும் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. செல்வியையும் மாமியாரையும் வரவழைத்து, டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தார். மருந்து படாத செல். எதிரெதிரே சென்ட்ரோசோம் என்னும் இரண்டு புள்ளிகள். அவற்றிலிருந்து பச்சை இழைகள் விரிந்து குரோமோசோம்களைப் பிடித்திருந்தன. இத்தனை வருஷம் நான் கலைத்துக்கொண்டிருந்தது இதையா!

அந்தப் புள்ளியில் இருக்கும் ஒரு புரதம்தான் குழந்தைக்குப் பழுது. கருவில் மூளையின் செல்கள் ஒழுங்காகப் பிரிந்து பெருக அது வேண்டும். இல்லாவிட்டால் போதிய செல்கள் உருவாகாது, மூளை சிறுத்துவிடும். ஒரு மனுஷியின் பேச்சும் நினைவும் அந்தப் பொட்டளவு இடத்தை நம்பியா இருக்கின்றன என்று மலைத்து நின்றேன்.

“வேலைக்குப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க,” என்றார் டாக்டரம்மா. “பழுதான ஜீன் அப்பாகிட்டயிருந்து ஒண்ணு, அம்மாகிட்டயிருந்து ஒண்ணு வந்திருக்கு. ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க.”

மாமியார் யோசித்தார். “அப்ப எங்கண்ணன்கிட்டயிருந்து இவளுக்கு, என்கிட்டயிருந்து எம்பையனுக்குங்களா?”

“அப்படித்தாம்மா இருக்கணும். யார் தப்பும் இல்லீங்க.”

மாமியார் செல்வி பக்கம் திரும்பினார். “கொழந்தைய இங்க குடு கண்ணு, கை வலிக்கும்,” என்று வாங்கிக்கொண்டார். செல்வி முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ‘நார்மல்’ என்பது நாம் பார்த்ததற்கு மட்டும். அதை வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். நாம் பார்க்காததற்கு ஒரு தாய் பழி சுமக்கக் கூடாது.