விருத்தாசலத்து மஸ்டாங்: ஒரு திருத்தம்

சென்ற மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விருத்தாசலம் போய் வந்தேன். கோயிலுக்கு அல்ல, ஒரு காரைப் பார்க்க. எழுபத்தாறு வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, அதுவும் இந்த வெயிலில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வீட்டில் எதற்குத்தான் கேட்காமல் இருந்திருக்கிறார்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: சிதம்பரத்தில் முப்பத்தைந்து வருடம் கார் பட்டறை வைத்திருந்தேன். யாரிடமும் தொழில் படிக்கவில்லை. ஆங்கிலக் கையேடுகளை அகராதியோடு உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன். இப்போது பழைய கார்களைத் தேடிப் போய்ப் பார்த்து இந்த இணையதளத்தில் எழுதுகிறேன். பெருநகரத்தில் பழைய கார் அணிவகுப்பு நடத்துகிறவர்கள் என் கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. போடாவிட்டால் போகட்டும்.

மஸ்டாங் என்ற பேருக்கு அமெரிக்கக் காட்டுக்குதிரை என்று அர்த்தம். மஸ்டாங் என்றால் எல்லோரும் அறுபதுகளில் வந்த அமெரிக்க வண்டியைத்தான் சொல்வார்கள். 1974 முதல் 1978 வரை வந்த இரண்டாம் தலைமுறையைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஒரு மலிவான சின்னக் காரின் அடிப்பாகத்தை எடுத்துச் செய்த வண்டி அது. முதல் வருடம் எட்டு சிலிண்டர் என்ஜினே கிடையாது. நான்கு சிலிண்டர், எண்பத்தெட்டு குதிரைத்திறன். விற்பனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. வாங்கியவர்கள் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை, வாங்காதவர்கள் எழுதினார்கள்.

நானும் திட்டியவன்தான். ஆனால் கையில் எடுத்து வேலை பார்த்துவிட்டுத் திட்டினேன். நாற்பது வருடத்துக்கு முன்பு, விருத்தாசலம் ஹாஜா மைதீன் பாய் குவைத்திலிருந்து திரும்பும்போது அப்படி ஒரு வண்டியைக் கப்பலில் கொண்டுவந்தார். பழுப்பு நிறம், இடது பக்கம் ஸ்டீயரிங். ஒன்பது வருடம் பாலைவனத்தில் உழைத்ததற்கு அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள். என் பட்டறைக்கு ஒரு வருடம் வந்து போனது. கரும்புகை தள்ளும். பாலம் ஏறத் திணறும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர். கடைசியில், “பாய், பேருதான் குதிரை. இது கழுதை. ஓரமா நிறுத்திடுங்க” என்றேன். அவர் நிறுத்திவிட்டார்.

இப்போது அவர் மகள் ஜமீலா ஃபோன் செய்தார். விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் யூனிட்டை அவர்தான் நடத்துகிறார். புது கேஸ் சூளை வரப்போகிறது, கார் நிற்கும் ஷெட் வேண்டும். புதுச்சேரியிலிருந்து ஒருவர் வாங்க வருகிறார். அவருக்கு முன்பக்க சஸ்பென்ஷன் மட்டும் போதும், அதை அறுத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காயலாங்கடையில் போட்டுவிடுவார்.

“அத்தா ஒத்துக்க மாட்டேங்கறாருங்க. மேஸ்திரி ஒரு தடவ வந்து பாக்கட்டும், அவரு வேணாம்னுட்டா குடுத்துடறேன்றாரு. செவ்வாக்கெழம அந்தப் புதுச்சேரிக்காரரும் வராரு. வாங்கய்யா.” பாய் மேஸ்திரி என்று சொல்வது என்னைத்தான்.

காலை 6.40க்கு சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். சேத்தியாத்தோப்பில் பத்து நிமிடம் நிற்கும். டீ பன்னிரண்டு ரூபாய், கழிப்பறை இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். அதற்கப்புறம் இருபுறமும் வயல். கம்மாபுரம் பக்கம் வரும்போது தூரத்தில் சுரங்கத்து மண்மேடுகள் தெரியும். மொத்தம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். 8.25க்கு விருத்தாசலம். என் இடுப்புக்கு அது நூறு கிலோமீட்டர்.

ஆட்டோக்காரர் நூற்று ஐம்பது கேட்டார். நூறுக்கு மேல் தரமாட்டேன் என்று நின்றேன். நூற்று இருபதுக்கு வந்தார்.

“பீங்கான் பாய் கம்பெனிக்கா? காரு பாக்கவா பெருசு?”

“ஆமா.”

“அது ஓடாதுங்க. யாரோ செதம்பரத்து மெக்கானிக்கு அப்பவே சொல்லிட்டாராம். எங்கப்பா சொல்லுவாரு, ஊரே சிரிச்சிதாம். கொவைத்து கழுதன்னுதான் பாய கூப்புடுவாங்களாம்.”

“கார்தான கழுதை?”

“கார கூப்புட்டா திரும்பிப் பாக்குமா?”

கம்பெனி வாசலில் இறங்கி நூற்று இருபதை எண்ணிக் கொடுத்தேன்.

ஷெட் களிமண் காயவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. சூளை வெப்பத்தில் நாற்பது வருடம் ஈரமே படாத இடம். அதனால் துரு இல்லை. வெள்ளைக் களிமண் தூசி ஒரு விரல் கனத்துக்கு மூடியிருந்தது, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிடுவார்களாம். பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. சலாம் சொன்னேன், பதில் சொன்னார். நலமா என்று கேட்கவில்லை.

புதுச்சேரிக்காரர் முதலிலேயே படுத்து அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். “சார், அமெரிக்காவுல இந்த வண்டிய யாரும் மதிக்க மாட்டான். ஆனா இதோட முன்பக்க செட்ட மட்டும் தேடித் தேடி எடுத்து, அவன் பெரிசா மதிக்கிற பழைய வண்டிக்குப் போட்டுக்குவான்” என்றார். அது உண்மை. நானும் படித்திருக்கிறேன். மட்டமான வண்டியின் கால்களை வெட்டி மரியாதையான வண்டிக்குப் பொருத்துகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஜமீலா சாவியைத் திருப்பினார். அதே கரும்புகை. பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்தேன். என்ஜின் ஓட ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே தண்ணீர் ஓடுவது கையில் தெரிந்தது. அப்படித் தெரியக் கூடாது.

அரை அங்குல ஸ்பேனரை எடுத்து, என்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. காலி.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் ஒரு சின்ன வால்வு. அந்தக் காலத்தில் எந்த வெளிநாட்டு வண்டி பட்டறைக்கு வந்தாலும் நாங்கள் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்துவிடுவோம். குளிர் நாட்டுக்காரனுக்கு வைத்தது, நம் வெயிலுக்கு எதற்கு என்பதுதான் எங்கள் பேச்சு. பல வண்டிகள் அதைத் தாங்கிக்கொண்டன. இந்த வண்டியின் கார்ப்பரேட்டரில் சோக், அதாவது காற்றை மறிக்கும் தகடு, திறப்பதே சூடான தண்ணீரை வைத்துத்தான். தண்ணீர் சூடாகாவிட்டால் சோக் அரைகுறையாக மூடியே நிற்கும். பெட்ரோல் வழியும், புகை வரும், இழுவை இருக்காது. நான் கண்ட குறைகள் அத்தனைக்கும் காரணம் அதுதான்.

அந்த மூடிக்கு அடியில், தண்ணீர் கசியாமல் வைக்கும் கேஸ்கெட் காலண்டர் அட்டையில் வெட்டியிருந்தது. காலண்டர் அட்டையில் கேஸ்கெட் வெட்டுவது என் வழக்கம். பாய் வேறு பட்டறைக்குப் போனவரும் இல்லை.

மூடியைத் திரும்பப் போட்டு, இறுக்கிவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். மத்தியானம் கட்டர் வந்திருக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை ஒளிக்கவில்லை.

“என்ன மேஸ்திரி, என்ன இருக்குது உள்ள?” என்றார் பாய்.

“ஒண்ணும் இல்ல பாய். இருக்க வேண்டியது இல்ல. நான்தான் கழட்டியிருக்கேன்.”

ஜமீலா என்னைப் பார்த்தார். பாய் பார்க்கவில்லை.

“அப்ப வண்டி சரியாத்தான் இருந்துச்சா?”

“சரியாத்தான் இருந்துச்சு. அந்தக் காலத்துல எல்லாருமே கழட்டுவாங்க பாய்.”

“எல்லாருகிட்டயும் குடுக்கலயே மேஸ்திரி. ஒங்ககிட்டதான குடுத்தேன்.”



ஜமீலாதான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டிராக்டர் ஸ்பேர் கடைக்குப் போனார். நான் அளவை அட்டையில் வரைந்து கொடுத்தேன். நாற்பது நிமிடத்தில் இரண்டு தெர்மோஸ்டாட் கொண்டுவந்தார், ஒன்று உட்கார்ந்தது. முந்நூற்று எண்பது ரூபாய். பொருத்தி ஸ்டார்ட் செய்தோம். முதலில் ஹோஸ் சில்லென்று இருந்தது. பத்தாவது நிமிடம் திடீரென்று கை சுட்டது. புகை கறுப்பிலிருந்து சாம்பலாகி, பிறகு இல்லாமலே போனது. புதுச்சேரிக்காரர் டார்ச்சை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“இத அறுத்தா பாவம் சார்” என்றார் என்னிடம். “முழுசா குடுத்தா நானே எடுத்துக்கறேன். வெலய ஏத்திக்கலாம்.”

பாய் எழுந்து நடந்து வந்தார். “குடுக்கல தம்பி. வந்ததுக்குச் சாப்ட்டுட்டுப் போங்க.”

“அப்ப சூளைய எங்கத்தா வெக்கறது?” என்றார் ஜமீலா.

“வண்டி வூட்டு வாசல்ல நிக்கட்டும். நாலு பேரு பாக்கட்டும்.”

அப்புறம் பாய் ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். தொழிற்பேட்டைக்குள் இருக்கும் உள் ரோட்டில்தான். வெளியே எடுக்கப் பதிவு, தகுதிச் சான்று எதுவும் இப்போது கிடையாது. ஜமீலா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் வலது பக்கம் பின்கதவைத் தேடினேன். அந்த வண்டிக்குப் பின்கதவு கிடையாது, முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். ஜமீலா இறங்கி, சீட்டை மடக்கக் கையை வைத்தார்.

“மேஸ்திரிக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் பாய். “ஆட்டோ புடிச்சிக்கட்டும்.”

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நான் வாதாடவில்லை. இந்தத் தளத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் நம்பமாட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். சிதம்பரத்திலிருந்து பஸ் அடிக்கடி உண்டு, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் வசதி, விருத்தாசலம் ஜங்ஷன். ஆட்டோவுக்கு நூற்று இருபதுக்கு மேல் கொடுக்காதீர்கள். பாய் வீட்டு முகவரி கேட்டு எழுதாதீர்கள், தரமாட்டேன். உங்களிடம் பழைய வண்டி இருந்து, அது கறுப்பாகப் புகைந்தால், என்ஜின் ஓட ஆரம்பித்ததும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். அடுத்தவன் சொன்ன தீர்ப்பை, அது என்னுடையதாக இருந்தாலும், அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தலைமுறை மஸ்டாங்கைப் பந்தயக் குதிரை என்று இப்போதும் சொல்லமாட்டேன். எண்பத்தெட்டு குதிரைத்திறன் எண்பத்தெட்டுதான். ஆனால் ஒழுங்காக வைத்திருந்தால் ஒழுங்காக ஓடக்கூடிய வண்டி. ஸ்டீயரிங் எப்படி, இழுவை எப்படி என்று கருத்துப் பெட்டியில் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ரோட்டோரம் நின்று காதால்தான் கேட்டேன். பாய் மூன்று சுற்று போனார். மூன்றாவது சுற்றில் டாப் கியர் போட்டார், சத்தம் சரியாக இருந்தது.