எனக்கு வராது என்று நினைத்த காய்ச்சல்

எங்களுக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாவது மழைக்காலம் அது. பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். அவருக்குப் பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவர் நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். இன்புளுவென்சா என்கிற தடிமன் காய்ச்சல். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்போது அதுதான். பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்பெரியும் குசினிக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

"கிட்ட வராத. ஒனக்கும் ஒட்டிக்கும்."

"எனக்குத்தான் போன வருஷமே வந்து போயிருச்சுங்களே. ஒருக்கா வந்தா ஒடம்பு அதை ஞாபகம் வச்சுக்கும். இனி வராது" என்றேன்.

அந்த வாரம்தான் பிள்ளைகளுக்கு, கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் பிறபொருளெதிரி பற்றிப் பாடம் எடுத்திருந்தேன். அந்தத் தைரியத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபோது நான் படுத்தேன்.

அவருக்கே இன்னும் கால் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் லீவு சொல்லிவிட்டு வீட்டில் நின்றார். அவர் வைத்த கஞ்சி அடிப்பிடித்திருந்தது. வேர்வையில் சிக்குப்பிடித்துக் கிடந்த என் தலையைப் பார்த்துச் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். உச்சியிலிருந்து ஒரே இழுப்பு. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"நுனியில இருந்து சீவணுங்க."

"முன்னுக்கே சொல்லியிருக்கலாமே" என்று நுனிமுடியைக் கையில் பிடித்து மெல்லச் சிக்கெடுத்தார். பாதித் தலை சீவியதும் கேட்டார். "வராதுன்னு சொன்னியே டீச்சர், எப்பிடி வந்துச்சு?"

கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அடுத்த மாதம் இரத்தினபுரியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. உயிரியல் பாடம் எடுத்த விரிவுரையாளர் அம்மாவிடம் தேநீர் இடைவேளையில் போய் இதைக் கேட்டேன். அவர் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இந்தக் காய்ச்சலைத் தரும் வைரஸ் பெருகும்போது தன் பரம்பரையலகுகளை, அதாவது ஜீன்களை, பிரதி எடுக்கிறது. அதில் விழும் பிழைகளை அது திருத்திக்கொள்வதில்லை. பிழையான பிரதிகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாமல் அழிந்துபோகும். ஏதாவது ஒன்றில் வைரஸின் மேற்புறத்துப் புரதம் கொஞ்சம் மாறியிருக்கும். அதைப் பழைய பிறபொருளெதிரியால் சரியாக அடையாளம் காண முடியாது. அதனால் அது தப்பித்துப் பரவும்.

"உங்களுக்குப் போன வருஷம் வந்தது வேற ஏதாவது வைரஸாகவும் இருக்கலாம். யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கலையே" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இதை அவரிடம் ஒப்பித்தேன். ஆவி பறக்கும் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அது வேணும்னு மாறலையா?"

"இல்லைங்க. பிழை தானா விழுது. தப்பிச்சது மிஞ்சுது, அவ்வளவுதான்."

"பாவம், ஒம்மேல பிழையில்ல" என்று தன் தட்டிலிருந்த பொரித்த கருவாட்டை என் தட்டில் வைத்தார்.

2009இல் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது வானொலியிலும் பஸ்ஸிலும் எங்கு பார்த்தாலும் பன்றிக்காய்ச்சல் பேச்சாக இருந்தது. அவளைப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாய்க்கும் மூக்குக்கும் கைக்குட்டை கட்டியிருந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"நாம பன்னி வளக்கவே இல்லையேப்பா" என்றாள் மகள், அழுகைக் குரலில்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் சொல்லத் தொடங்கினார். "பன்னிகிட்ட போனாத்தான் வரும்னு இல்லடா கண்ணு. இப்ப மனுசர்கிட்ட இருந்துதான் மனுசருக்கு வருது. இந்தக் கிருமிக்குள்ள எட்டுத் துண்டு இருக்கு. ரெண்டு வகைக் கிருமி ஒரே பன்னிக்குள்ள போயிட்டா, இதோட துண்டும் அதோட துண்டும் கலந்து புதுசா ஒண்ணு வந்துரும். அது நம்ம ஒடம்புக்குத் தெரியாத ஆளு. அதான் எல்லாரும் பயப்புடுறாங்க."

என் பாடப்புத்தகங்களை அவர் எப்போது புரட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"தெரிஞ்சுக்கிட்டா போயிருமா?"

"போயிரும். ஒடம்பு கத்துக்கும். அதுவரைக்கும் நீ படுத்துத் தூங்கு."

நர்ஸ் வந்து அவள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். "பய வெண்ட எப்பா துவே" என்றார், பயப்படாதே மகளே என்று. அவள் அப்பா சிங்களத்திலேயே நன்றி சொல்லிவிட்டு, மகளின் தலையைத் தன் மடியில் இழுத்துவைத்துக்கொண்டார்.

அது எந்தக் காய்ச்சல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மூச்சு சீராக இருக்கிறது, வீட்டில் வைத்தே பாருங்கள் என்று டொக்டர் அனுப்பிவிட்டார். பஸ் நிலையத்தில் மகள் அவித்த கடலை வேண்டும் என்றாள். பசி எடுத்துவிட்டதே என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆளுக்கொரு காகிதச் சுருள் வாங்கிக்கொண்டு வந்தார். மழையில் நனைந்த பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார்ந்து சாப்பிட்டோம்.