நீல விளக்கு அணைந்திருந்த பகல்கள்

கண்புரை அறுவைக்குப் பிறகு நீல நிறம் எனக்கு ஊசியாகக் குத்தியது. மருமகள் பின்னறையில் தட்டு தட்டாக மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கிறாள். முளைவிட்டு இரண்டு இலை வந்ததுமே வெட்டி விற்கிற இளங்கீரை. தட்டுகளுக்கு மேலே எல்இடி விளக்குகள். சிவப்புக்கு ஒரு சுவிட்ச், நீலத்துக்கு ஒன்று. அந்த அறைக்குக் கதவு கிடையாது. என் கட்டில் நேர் எதிரே.

காலையில் அவள் துறைமுகத்துச் சரக்குக் கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பியதும் நீலத்தை அணைப்பேன். மாலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் போடுவேன். இடையில் தூக்கமாவது வந்ததா என்றால் இல்லை. தெருவில் உப்பு லாரி போனாலும் அவள்தானோ என்று எழுந்து உட்காருவேன். கண் கூசுகிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். கிழவனுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். சிவப்பொளி மட்டும் கிடைத்தால் நாற்று வெளிறி நெட்டையாகும், நீலமும் சேர்ந்தால்தான் தண்டு குறுகி இலையில் நிறம் ஏறும் என்பது எனக்குத் தெரியாதா? அவள் விதைத்திருந்தது சிவப்புத் தண்டுக்கீரை. அதன் சிவப்பே ஒரு சத்து. அவளிடம் வாங்கும் ஓட்டல்காரர் கேட்பதும் அந்த நிறத்துக்காகத்தான். வந்ததோ வெளுத்த பச்சை, நூல் போன்ற தண்டு. அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"லைட்ட தொட்டியளா மாமா?"

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?"

அப்படியானால் விதைதான் கோளாறு என்று என்னையும் கூட்டிக்கொண்டு விதைக்கடைக்குப் போனாள். கடையில் கூட்டம்.

"பச்சக்கீர வெதையப் போயிச் செவப்புன்னு குடுத்திருக்கியளே அண்ணாச்சி!"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவிய. நீங்களே சொல்லுங்க."

"கலப்படமா இருக்கலாம்" என்றேன்.

அவர் புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர் தான் வாங்கிய விதையைப் பலகைமேல் வைத்துவிட்டு நகர்ந்துபோனார்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீலத்தை அணைத்தால் அவள் கீரை மறுபடியும் வீணாகும். அணைக்காவிட்டால் புது விதை சிவக்கும். கலப்படக்காரர் என்ற பெயர் கடைக்காரருக்கு நிலைத்துவிடும். அணைக்கவில்லை. கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு புரண்டு கிடந்தேன். கீரை குட்டையாக, ரத்தச் சிவப்பாக வந்தது.

"பாத்தியளா மாமா, கோளாறு அந்தப் பழைய வெதைதான். இனி அந்தக் கடைப் பக்கமே போவ மாட்டேன்."

"விதையில கோளாறு இல்லம்மா. பகல்ல நீலத்தை நான்தான் அணைச்சேன்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்கன வந்து சொல்லுங்க" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

அன்றும் கடையில் ஆட்கள் நின்றார்கள். கதவில்லாத அறையிலிருந்து நீலம் கண்ணைக் கூசியதால் அணைத்ததை அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ரூம் வாசல்ல ஒரு பழைய சேலையத் தொங்கவிட்டிருந்தா முடிஞ்சிருக்கும்லா சார்?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அடுத்த ஆளு வாங்க" என்றார்.