முப்பது எண்ணியும் உறையாத ரத்தம்

1964 கோடையில், திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது இது. காந்தி மார்க்கெட்டில் எனக்குக் காய்கறி வியாபாரம், வீடு பாலக்கரையில். என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். அது பித்தநீர் இறங்கும் வழியை அடைத்துக்கொண்டதில் மஞ்சள் காமாலையும் வந்து, உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

வியாழன் மத்தியானம் நர்ஸ் வந்து, "நாளைக்கு ஆபரேஷன் இல்லைங்க. ரத்தம் சரியா உறையலைன்னு லேப்ல சொல்லிட்டாங்க" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக லேபுக்குப் போனேன். பரிசோதனை செய்தவர் இருபத்தைந்து வயதுப் பெண். "வேலை தெரியாம ஒரு உயிரோட விளையாடுறீங்களா?" என்று பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன்.

அவர் முகம் சிவந்தது. ஆனால், "மறுபடி பாக்கத்தான் போறேன். உள்ள வாங்க" என்றார்.

வெந்நீரில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் நின்றன. "இது நல்லா இருக்கற ஒருத்தரோட ரத்தம். அது உங்க வீட்ல அவங்களோடது. நீங்களே எண்ணுங்க" என்று கடிகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, முதல் குழாயில் உறைய வைக்கும் மருந்தை விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பதினான்கு எண்ணுவதற்குள் பாகு போல இறுகிவிட்டது. என் மனைவியுடையது முப்பது தாண்டியும் தண்ணீராகவே ஓடியது.

"காமாலையில இப்படி ஆகும்ங்க. இப்ப கத்தி வச்சா ரத்தம் நிக்காது. ஊசி போட்டாச் சரியாகும், நாலு நாள் பொறுங்க."

அப்போதுதான் அவர் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்ததைக் கவனித்தேன்.

"அந்த நல்ல ரத்தம்..."

"என்னோடதுதாங்க. பக்கத்துல ஒண்ணு வச்சுப் பாத்தாத்தானே நம்ப முடியும்?"

கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வைட்டமின் ஊசி தினமும் போட்டார்கள். சனிக்கிழமையும் ரத்தம் தாமதமாகத்தான் உறைந்தது. செவ்வாயன்று பதினாறு எண்ணுவதற்குள் இறுகியது. புதன்கிழமை ஆபரேஷன். இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து, "ரத்தம் நல்லா நின்னுடுச்சு" என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் லேப் வாசலில் போய் நின்று, "அன்னைக்குத் தப்பாப் பேசிட்டேம்மா" என்றேன்.

"உங்க இடத்துல இருந்தா நானும் கத்தியிருப்பேன். அவங்களைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இப்போதெல்லாம் யாராவது என்னைப் பொறுக்கச் சொன்னால், முதலில் காரணத்தைக் கேட்கிறேன். அதற்குப் பிறகு குரலை உயர்த்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.