குளியலறைக் கதவும் ஒரு பெரிய வார்த்தையும்

அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரே ஒரு ஆங்கில வார்த்தையின் மேல் தீராத காதல். என்டையரிட்டி. முழுமை, மொத்தம், ஒரு துரும்புகூட மிச்சமில்லாமல் என்று அதற்கு அர்த்தம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து, குடியிருப்பவர்களின் புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது அவர் வேலை. குழாய் ஒழுகுகிறது என்று யாராவது எழுதினால், தங்கள் குழாய் இன் இட்ஸ் என்டையரிட்டி சரிசெய்யப்பட்டது என்று பதில் போகும். ஒழுகுகிற குழாயில் பாதி என்ன, முழுசு என்ன என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். அந்த வார்த்தை இல்லாத கடிதம் சட்டை போடாமல் தெருவுக்கு வந்த ஆள் மாதிரி என்பார். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு முழுசு என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு சார் ஒட்டிக்கொள்ளும்.

அந்த அலுவலகத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. முதலில் கடிதம் போகும், ஆள் பிறகு போவார். பதில் எழுதாத புகார் எதுவும் தன் மேசைமேல் கிடக்கக் கூடாது என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், முழுசு சார் காலையில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டதும் 'வேலை முடிந்தது' கடிதங்களை எழுதித் தள்ளிவிடுவார். அதெல்லாம் அனுப்பியான பிறகுதான் தச்சர் தன் பையை எங்கே வைத்தோம் என்று தேடவே ஆரம்பிப்பார். குடியிருப்பவர்களுக்கும் இது பழகிவிட்டது. முடிந்தது என்று கடிதம் வந்தால், சரி, இனிமேல்தான் ஆரம்பிப்பார்கள் என்று புரிந்துகொள்வார்கள். யாருக்கும் வருத்தமில்லை. நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில்தான் ஓடவில்லை.

இத்தனை முழுமை பேசுகிற மனுஷன் வீட்டில் ஒரு வேலையையாவது முடித்திருக்க வேண்டுமே. ஊஹூம். கூடத்துச் சுவருக்கு நீலம் அடித்தார், அலமாரிக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அங்கே விட்டுவிட்டார். பிறகு அலமாரியை நகர்த்த வேண்டி வந்தது, எல்லோரும் பார்த்தார்கள். சமையலறையில் தட்டு வைக்கப் பலகை அடித்தார், ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் செங்கல். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். பிள்ளைகளின் பாதி எழுதிய விடைக்குப் பாதி மார்க்கு போட்டுப் பழகியவள், அதே தாராளத்தோடு புருஷனையும் சகித்துக்கொண்டிருந்தாள்.

குளியலறைக் கதவு வந்தது, அந்தத் தாராளம் போனது. கதவு மழைக்கு ஊறித் தரையில் உரசியது. அடியைக் கொஞ்சம் இழைத்தால் போதும் என்று முழுசு சார் அதைக் கழற்றினார். பாதி இழைத்ததும் கை வலித்தது. கதவு கூடத்துச் சுவரில் சாய்ந்தது. குளியலறை வாசலில் பழைய படுக்கை விரிப்பு ஒன்று திரையாகத் தொங்கியது. நாளைக்கு, நாளைக்கு என்று மாதக்கணக்கில் தொங்கியது. உள்ளே போகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடும் செய்தார். அவளுக்குப் பாட வராது.

அந்த நேரம் பார்த்து, வெளியூரில் இருக்கும் அவள் அண்ணி வந்து சில நாள் தங்க ஆசைப்பட்டாள். டீச்சர் திரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"எங்க அண்ணியையும் பாடச் சொல்லப் போறீங்களா?"

"நாளைக்கே மாட்டிடறேன்."

"மாட்டுங்க. மாட்டினதும் சொல்லுங்க, வரேன்."

பெட்டியில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒரே ஒருமுறை எடுத்து, "உங்களுக்குத்தான் எழுதிப் பழக்கமாச்சே. எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீடு காலியாக இருந்தது. சாப்பிடும்போது எதிரே ஆளில்லை. திட்டுவதற்குக்கூட ஒரு குரல் இல்லாமல் மனுஷன் தவித்துப்போனார். இதை அப்படியே எழுதியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பேனாவை எடுத்தால் அவருக்கு அலுவலகக் கை அல்லவா வருகிறது. என் தவறுகளை அவற்றின் என்டையரிட்டியில் ஒப்புக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினார்.

கடிதம் திரும்பி வந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் டீச்சரின் கையெழுத்து: 'எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. ஆனால் பொய். ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்தான் அந்த வார்த்தையைச் சொல்லலாம். அட்டையைப் பார்த்தவர் சொல்லக் கூடாது. எந்தத் தவறு என்று ஒன்றையாவது எழுதினீர்களா? சரியாகப் பயன்படுத்தத் தெரிந்ததும் எழுதவும்.'

முழுசு சாருக்கு மூக்கு உடைந்தது. தன் வார்த்தையைத் தனக்கே சொல்லிக்கொடுக்கிறாளே என்று ரோஷம் வேறு. சரியாகத்தானே பயன்படுத்த வேண்டும், இதோ என்று உட்கார்ந்து எழுதினார்: குளியலறைக் கதவு வேலை இன் இட்ஸ் என்டையரிட்டி முடிக்கப்பட்டது. இப்போது வார்த்தை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கதவுதான் இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. அதனால் என்ன, கடிதம் போய்ச் சேர்வதற்குள் மாட்டிவிடலாம். அலுவலகத்தில் தினமும் நடப்பதுதானே.

மறுநாள் தச்சரைப் பிடித்தார்.

"வீட்ல ஒரு கதவு மாட்டணும். கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் துடைத்தார். "கடுதாசி போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு."

"அப்புறம் என்ன அவசரம்?"

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? முழுசு சார் கற்றுக்கொடுத்த பாடம்தானே.

விடுமுறை நாளன்று, வேறு வழியில்லாமல் தானே திருப்புளியோடு கிளம்பினார். திரையைக் கழற்றி மடித்து வைத்தார். கீல்களுக்கான திருகாணிகளைத் தேடினார். ஒன்றுகூட அகப்படவில்லை. மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக் குரல். டீச்சர் அந்தக் கடிதத்தை நம்பி, எங்க வீட்டுக்காரர் ஒருவழியா முடிச்சிட்டார் அண்ணி என்று பெருமையடித்து, அண்ணியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பஸ்ல ஒரே புழுதி. முதல்ல குளிச்சிடறேன்" என்றபடி அண்ணி துண்டோடு உள்ளே நடந்தாள். டீச்சர் ஆட்டோக்காரரிடம் மிச்சப் பையை வாங்க வெளியே நின்றாள்.

முழுசு சார் யோசிக்கவில்லை. யோசிக்கவும் நேரமில்லை.

"போங்கக்கா, கதவை நான் சாத்திக்கறேன்" என்று சொல்லி, அண்ணி உள்ளே போனதும் கதவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து நிலையில் பொருத்தி, இரண்டு கையாலும் தோளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, தாழ்ப்பாளைக் காணோமே?"

"நான் இருக்கேன்க்கா. நீங்க தைரியமாக் குளிங்க."

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பையோடு உள்ளே வந்த டீச்சர் நின்றாள். கதவு தன் இடத்தில் இருந்தது. புருஷன் அதை ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று முதலில் புரியவில்லை. கீல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். புரிந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது.

"இதுவா நீங்க முடிச்ச லட்சணம்?" மெதுவாகத்தான் கேட்டாள். "வழியெல்லாம் அண்ணிகிட்ட உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டு வந்தேன். சாயங்காலம் பஸ் இருக்கு. நானும் அவங்ககூடவே திரும்பிப் போயிடறேன்."

பையை அவள் கீழே வைக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார். எதிரே போய் நின்று சமாதானம் செய்ய முடியாது, கையைப் பிடிக்க முடியாது, சப்பைக்கட்டு கட்டக் கையசைக்கவும் முடியாது. விட்டால் கதவு விழும், குடும்ப மானமும் கூடவே விழும். வியர்வை கண்ணில் வழிந்தது. அதைத் துடைக்கவும் கையில்லை. பேனாவும் கையில் இல்லை. அதனால்தானோ என்னவோ, உண்மை வந்தது.

"கதவு முடியல. இழைச்சதும் பாதிதான். திருகாணியைத் தொலைச்சுட்டேன். முதல் கடுதாசியும் பொய், ரெண்டாவதும் பொய்." மூச்சு வாங்கினார். "சுவர், பலகை, எதையும் நான் முடிச்சதில்லை. இந்தக் குடும்ப வண்டியை உன்னைத் தனியா இழுக்க விட்டுட்டேன். நீ இல்லாம இந்த வீட்ல எனக்கு இருக்க முடியல. எப்படியாவது உன்னை வரவழைக்கணும்னுதான் அப்படி எழுதினேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்று வெகு நேரமாகியிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"நான் இல்லாம இருக்க முடியலைன்னீங்களே, அந்த வரியை எழுதியிருந்தா" என்றாள். "இதை மட்டும் எழுதியிருந்தா, கதவே இல்லைன்னாலும் அன்னைக்கே வந்திருப்பேனே. இது தெரியாதா உங்களுக்கு?"

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, கதவின் மறு ஓரத்தில் தோளைக் கொடுத்தாள். இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கனம் பாதியாகக் குறைந்தது.

உள்ளேயிருந்து அண்ணி தொண்டையைச் செருமினாள்.

"நான் குளிச்சு எப்பவோ ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, ஒண்ணும் அவசரமில்லை. ஆனா முழுசா முடிச்சிட்டுத் திறங்க. பாதியில திறந்து என்னை நடுவுல நிக்க வைக்காதீங்க."