கெங் ஐயாவின் இடது தோள்

கெங் ஐயா தெருவில் தலை காட்டினால் போதும், ஆளுக்கொரு பக்கமாகச் சாமான்களை ஒளித்து வைப்பார்கள். இன்று காலையும் அப்படித்தான். செருப்புத் தைக்கிறவன் ஊசியைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டான். கரி சுமக்கிறவர் தன் சுமைக்கம்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் திரிகையின் கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் சொருகினேன். "கொஞ்சம் குடுங்க ஆத்தா, ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத் தர்றேன்" என்பார். போன தடவை அப்படி வாங்கித்தான் கைப்பிடியை இரண்டாக்கினார்.

மாவட்ட அலுவலகத்தில் அவருக்கு ஒன்பதாம் படி உத்தியோகம். அதற்குக் கீழே படி கிடையாது, தரைதான். அலுவலகம் விட்டதும் பாட்டு எழுதுவார். மற்ற உத்தியோகஸ்தர்கள் நிலாவையும் பிரிந்துபோன நண்பனையும் எழுதுகிறார்கள். இவருக்குக் கரிக்காரனும் நெசவுக்காரியும் உப்பு மூட்டைக்காரனும்தான் வேண்டும். சும்மா பார்த்தும் எழுத மாட்டார். "சுமக்காம எடை எப்படித் தெரியும்?" என்பது அவர் பேச்சு.

கரிச்சூளைப் பாட்டுக்காகச் சூளைக்குள் தலையை விட்டார். பாட்டு வந்தது, வலது புருவம் போனது. போன புருவம் இன்னும் திரும்பவில்லை. நெசவுப் பாட்டின்போது அவரைத் தறியிலிருந்து கத்தரித்து எடுக்க வேண்டியிருந்தது. பட்டினியைப் பற்றி எழுத மூன்று நாள் வாயில் எதுவும் போட மாட்டேன் என்று சபதம் செய்தார். முதல் நாள் உச்சிப்பொழுதிலேயே என் கடைக்கு வந்து ஆறு கோதுமை ரொட்டி தின்றார். பாட்டிலும் "உச்சிப்பொழுது வரை தாங்கினேன்" என்றுதான் எழுதினார். பொய் அவருக்கு வராது. அவருக்கு இருக்கும் ஒரே நோய் அது.

கால்வாயின் படகுத் துறையில் என் ரொட்டிக் கடையின் வெள்ளைச் சுவரில்தான் வழிப்போக்கர்கள் பாட்டெழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சுவர் என்னுடையது. வாசித்துக் காட்டி எனக்குப் புரிந்த பிறகுதான் யாரும் மையைத் தொடலாம். கெங் ஐயாவுக்கும் அதே சட்டம்தான்.

இந்த வருஷம் கோதுமை முற்றி நிற்கிற நேரமாகப் பார்த்து, தலைநகருக்குப் போகும் அரிசிப் படகுகளைக் கயிறு கட்டி இழுக்க எங்கள் ஊர் ஆண்கள் பதினான்கு பேரைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது நாள் கட்டாய வேலை. என் மருமகன் லெய்யும் அதில் ஒருவன். தெற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். அப்புறம் வருஷம் முழுக்கத் தவிட்டுக் கஞ்சிதான். நாலு நாளில் மாகாண ஆளுநர் இந்தத் துறை வழியாக வருகிறார், அவருக்குச் சுவர் படிக்கிற பழக்கம் உண்டு என்று செய்தி வந்தது. கெங் ஐயா நேரே கயிற்றுக்காரர்களிடம் போனார்.

தோளில் ரத்தம் ஒழுகுவதாக எழுதச் சொன்னார்கள். அவர் பதினான்கு தோள்களையும் உற்றுப் பார்த்தார். எல்லாம் காய்த்துக் கிடந்தன, ஒன்றிலும் ரத்தம் இல்லை, அதனால் எழுத மறுத்துவிட்டார். லெய்க்கு வேறு கவலை. "என் கால்சட்டை கிழிஞ்சிருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க ஐயா. அத்தை தச்சது. அப்புறம் எனக்கு அந்த வீட்ல கஞ்சி கிடையாது."

கடைசியில் ஐயாவே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். இருபது அடி இழுத்தார். இருபத்தோராவது அடியில் கயிறு அவரை இழுத்தது. கால்வாயிலிருந்து தூக்கிக் கரையில் போட்டபோது தலையில் தொப்பி இல்லை, இடது தோளில் தோல் இல்லை, முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் பாட்டோடு வந்தார். நிலாவில் ஆரம்பித்தது. "நிலாவா கயிறு இழுக்குது?" என்று கேட்டேன். பெரிய இடத்துக்குப் போகிற பாட்டு அப்படித்தான் ஆரம்பிக்கணுமாம் என்று அசடு வழிந்து அந்த வரியை அடித்தார். மிச்சம் நின்றது இவ்வளவுதான்:

இருபது அடி இழுத்தேன், என் தோள் கிழிந்தது.
இவர்கள் நாற்பது நாள் இழுக்கிறார்கள், ஒன்றும் கிழியவில்லை.
கிழிவதற்கு அங்கே தோல் இல்லை.
கரையில் கோதுமை ஆளில்லாமல் தலை குனிகிறது.

எழுதுங்கள் என்றேன். எள் தூவிய ரொட்டி ஒன்றும் கொடுத்தேன்.

ஆளுநர் வந்த அன்று படகுகளையும் கயிற்றுக்காரர்களையும் துறையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் என் கடையில் சாப்பிட்டுக்கொண்டே சுவரில் பாட்டையும் கீழே இருந்த பேரையும் உத்தியோகத்தையும் படித்துச் சிரித்தார். "உத்தியோகஸ்தன் கயிறு இழுத்தானாம். பாட்டுக்காரங்க எல்லாரும் மெத்தையில படுத்துக்கிட்டே அழுவாங்க." அலுவலகத்துப் பெரியவர்களுக்கு முகம் வெளுத்தது. பாட்டெழுதி இதற்கு முன் ஒருவர் தெற்கே காய்ச்சல் காட்டுக்கு மாற்றலாகிப் போயிருக்கிறார்.

கெங் ஐயா கச்சையைத் தளர்த்தி அங்கியை இடது பக்கம் இறக்கினார். நான் அப்பிவிட்ட மாவுப் பற்று அங்கே காய்ந்து ரொட்டியாகவே ஆகியிருந்தது. அதை உரித்துக் காட்டினார். ஆளுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பின பக்கத்தில் லெய் நிற்கும்படி நான் அவனை முன்னால் தள்ளினேன். ஆளுநர் சாப்பாட்டுக் குச்சியால் அவன் தோளைத் தட்டினார். டொக் என்றது. நம்பாமல் இன்னொரு தட்டு. மறுபடி டொக். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அறுப்புக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்.

பதினைந்து நாள் என்று சொல்வதாக முன்கூட்டியே ஊரே பேசி வைத்திருந்தது. லெய் வாயைத் திறப்பதற்குள் ஐயா முந்திக்கொண்டார். அவர் காலை ஓங்கி மிதித்தேன். பயனில்லை.

"எனக்குன்னா ஒரு வருஷம் ஆகுங்க. இவங்களுக்குப் பதினோரு நாள் போதும்."

பதினோரு நாள் கிடைத்தது. அது நாற்பதில் கழியும் என்றும் ஆளுநர் எழுதிக் கொடுத்தார். நாலு நாளைத் தொலைத்த மனுஷன் என்று தெருவே திட்டித் தீர்த்தது. பதினோராம் நாள் கடைசிக் கட்டு களத்தில் வந்து விழுந்தது, சாயங்காலம் மழை பிடித்தது. திட்டுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. மறுநாள் ஆண்கள் மறுபடி கயிற்றுக்குப் போனார்கள்.

இன்று காலை வந்தவர் என் திரிகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகச் சுவரண்டை போனார், தூரிகையை மையில் தோய்த்தார், நாற்பது என்பதை அடித்துவிட்டு இருபத்தொன்பது என்று எழுதினார்.